பிறந்த குழந்தைக்கு ஃபிட்ஸ்: வீட்டுக்குக் கிளம்பும்போது மருந்தை நிறுத்தலாமா, தொடரலாமா?

என்.ஐ.சி.யூவில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், பத்துப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டில், வைட்டமின் டி சொட்டு மருந்துக்கு அடுத்த வரியில் பல நேரம் இன்னொரு சிரப்பின் பெயர் இருக்கும். ஃபீனோபார்பிட்டோன், இல்லையென்றால் லெவெடிரசெட்டாம்; இரண்டும் ஃபிட்ஸை அடக்கும் மருந்துகள். பக்கத்தில் 'மூன்று மாதம்' என்றோ, 'மறு ஆலோசனை வரை தொடரவும்' என்றோ எழுதியிருக்கும். அதே காரணத்துக்காக இன்னொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்த உறவுக்காரக் குழந்தைக்கு எந்தச் சிரப்பும் எழுதாமல் அனுப்பியிருப்பார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டாக்டரைக் கேட்டால் 'ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு மாதிரி' என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பெற்றோரால் எதையும் முடிவு செய்ய முடியாது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஃபிட்ஸ் நின்று சில நாள் ஆனதும், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மருந்தை நிறுத்திவிட்டு அனுப்புவது ஒன்று. மூன்று மாதம், ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வயது வரைகூடக் கொடுக்கச் சொல்வது இன்னொன்று. ஒரு மாதத்தில் பார்த்து, பிறகு மூன்று மாதத்தில் பார்த்து, படிப்படியாக முடிவெடுப்பது மூன்றாவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தற்காலிகக் காரணத்தால் ஃபிட்ஸ் வந்து, அது நின்றும்விட்ட குழந்தைக்கு முதல் வழிதான் சரி. ஆனால் அந்தக் குழந்தையை அடுத்த ஒரு வருடம் யார், எதற்காகக் கவனிக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். சிரப்பைப் பற்றி மணிக்கணக்கில் கவலைப்படுகிறவர்கள் இதைக் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, வீட்டில் கொடுத்துக்கொண்டிருக்கும் சிரப்பை நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் கொடுத்த மருந்தை டாக்டர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

எதனால் வந்த ஃபிட்ஸ்?

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து குழந்தைகளுக்குப் பிறந்த முதல் மாதத்தில் ஃபிட்ஸ் வருகிறது. பெரியவர்களுக்கு வருவதுபோலக் கை கால் வெட்டி இழுப்பது இவர்களிடம் குறைவு. கண் ஒரு பக்கம் செருகி நிற்கும், வாய் எதையோ சப்பிக்கொண்டே இருக்கும், கால் சைக்கிள் மிதிக்கும், மூச்சு சற்று நின்று உடம்பு நீலம் பாயும். பாட்டிமார் 'சீர்' என்பார்கள், 'செவ்வாப்பு' என்பார்கள். பெயர் எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம்.

இவற்றில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் மூளைக்கு நேர்ந்த ஏதோ ஒரு பாதிப்பின் விளைவு. முதலிடம், பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோவது. 'பிறந்ததும் அழவில்லை' என்று நாம் சொல்லும் குழந்தைகளில் பலர் இந்த வகை. அவர்களுக்குப் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் ஃபிட்ஸ் ஆரம்பித்து, மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும். அடுத்து மூளை ரத்தக் குழாயில் அடைப்பு, ரத்தக் கசிவு, மூளைக்காய்ச்சல். பிறகு ரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைவது.

கால்சியம் மட்டும் குறைந்து வந்த ஃபிட்ஸ் என்றால், அதைச் சரிசெய்தால் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. சர்க்கரை அப்படியில்லை. நெடுநேரம் தாழ்ந்திருந்தால் மூளையின் பின்பகுதி, அதாவது பார்வைக்கான பகுதி, அடிபடும். பிற்கால வலிப்பு நோய்க்கு (உடனடிக் காரணம் இல்லாமலே திரும்பத் திரும்ப ஃபிட்ஸ் வருவதற்கு) நம் நாட்டில் இது ஒரு முக்கியக் காரணம், தடுக்கக்கூடிய காரணமும்கூட. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதை விட்டுவிட்டுக் கழுதைப்பால் எங்கே கிடைக்கும் என்று தேடுகிற வீடுகள் இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலில் சேராத ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களுக்கு ஃபிட்ஸ் என்பதே நோய், மரபணுவிலிருந்து வருவது. கே.சி.என்.க்யூ.2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் இதில் அதிகம் தெரிந்தது. ஒரு வகையில் பிறந்த முதல் வாரத்தில் ஃபிட்ஸ் தொடங்கி, இடையில் குழந்தை நன்றாகவே பால் குடித்துக்கொண்டு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நின்றுவிடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது பிறந்த புதிதில் இப்படி வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். 'உங்க மாமனாருக்கும் பச்ச உடம்புல இழுத்துச்சுன்னு அவங்கம்மா சொல்லுவாங்க' என்று பாட்டி போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரி இங்கே பெரிய தகவல். டாக்டர் காதில் போட்டுவிட வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஃபீனோபார்பிட்டோனை விட்டுவிட்டு ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற மருந்துகளைத் தேர்ந்தெடுப்பார்கள். வைட்டமின் பி6 கொடுத்தால் மட்டுமே அடங்கும் ஃபிட்ஸும் உண்டு. அரிதானது, ஆனால் தவறவிடக் கூடாதது.

இந்தக் கூட்டத்துக்கு 'நிறுத்தலாமா' என்ற கேள்வியே இப்போது எழாது. மருந்து தொடரத்தான் வேண்டும். கீழே சொல்வதெல்லாம் முதலில் சொன்ன, தற்காலிகக் காரணத்தால் ஃபிட்ஸ் வந்த கூட்டத்துக்கு.

பிற்காலத்தில் வலிப்பு நோய் வருமா?

2015-இல் 44 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பு, பிறந்த புதிதில் ஃபிட்ஸ் வந்த 4,538 குழந்தைகளில் 17.9 சதவீதம் பேருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வந்ததாகச் சொல்கிறது. அப்படி வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் முதல் வயது முடிவதற்குள்ளேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகள் சேர்ந்து, தற்காலிகக் காரணத்தால் ஃபிட்ஸ் வந்த குழந்தைகளை மட்டும் இரண்டு வயது வரை பின்தொடர்ந்தபோது கிடைத்த விகிதம் 13 சதவீதம். எட்டுக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மீதி ஏழு பேருக்கு அதுவரை வரவில்லை. இரண்டு வயதுக்குப் பிறகு வருவதும் உண்டு, குறிப்பாக மூளை ரத்தக் குழாய் அடைப்பு ஏற்பட்ட குழந்தைகளுக்கு.

இந்தச் சராசரியை எல்லோர் தலையிலும் சமமாகப் போடக் கூடாது. கால்சியம் குறைந்து ஒருநாள் ஃபிட்ஸ் வந்த குழந்தையும், மூளையின் ஆழப்பகுதி முழுக்க எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பாதிப்புத் தெரிகிற குழந்தையும் ஒன்றில்லை. ஆபத்தைக் கூட்டுபவை என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை சில: இ.இ.ஜி.யில் (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) அடிப்படை அலைகளே மோசமாக இருப்பது, மூன்று நாளோ அதற்கு மேலோ இ.இ.ஜி.யில் ஃபிட்ஸ் பதிவாகியிருப்பது, எம்.ஆர்.ஐ.யில் மூளையின் ஆழப்பகுதியோ மூளைத்தண்டோ அடிபட்டிருப்பது, வீட்டுக்குப் போகும் நாளில் உடம்பு துவண்டோ விறைத்தோ இருப்பது. கடைசியாகச் சொன்னதற்கு எந்த மெஷினும் வேண்டாம். உங்கள் குழந்தையின் பரிசோதனை அன்றைக்கு எப்படி இருந்தது என்று டாக்டரிடம் நேராகவே கேட்கலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சிரப்பைத் தொடர்ந்தால் இந்த 13 சதவீதம் குறையுமா? குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இப்போது நடக்கிற ஃபிட்ஸை அடக்குவதுதான் மருந்தின் வேலை. மூளையில் அடிபட்ட இடம் அடுத்த சில மாதங்களில், சிலருக்குச் சில வருடங்களில், வலிப்பை உண்டாக்கும் இடமாக மாறுவதை ஃபீனோபார்பிட்டோனும் தடுப்பதில்லை, லெவெடிரசெட்டாமும் தடுப்பதில்லை. 'மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் பின்னாளில் வராது' என்ற நம்பிக்கை நம் வீடுகளில் மட்டுமல்ல, சில ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் உலவுகிறது.

நிறுத்திவிட்டு அனுப்புவது

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 303 குழந்தைகள். அவர்களில் 64 சதவீதம் பேர் மருந்தோடு வீட்டுக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே நிறுத்தப்பட்டது. இரண்டு வயதில் பார்த்தபோது வளர்ச்சியில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வலிப்பு நோய், நிறுத்தியவர்களில் 11 சதவீதம், தொடர்ந்தவர்களில் 14. மருந்தோடு போனவர்களில் பாதிப்பு அதிகமான குழந்தைகள் இருந்திருப்பார்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை இது. பாதிப்பின் அளவைக் கணக்கில் சேர்த்து ஈடுகட்டிப் பார்த்தபோதும் தொடர்ந்ததால் கிடைத்த லாபம் என்று எதுவும் தெரியவில்லை என்பதே அதன் பலம்.

இதற்கு வெகு முன்பே, 2011-இல், உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில், நரம்புப் பரிசோதனையோ இ.இ.ஜி.யோ இயல்பாக இருந்து, 72 மணி நேரத்துக்கு மேல் ஃபிட்ஸ் இல்லாத குழந்தைக்கு மருந்தை நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டது. 2023-இல் உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. தற்காலிகக் காரணத்தால் வந்த ஃபிட்ஸ் நின்றுவிட்டால், எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. எப்படி இருந்தாலும் சரி, வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்றது. 'எப்படி இருந்தாலும்' என்ற இடத்தில்தான் நம்மூர் டாக்டர்கள் பலர் தயங்குகிறார்கள்.

'திடீர்னு நிறுத்தினா மறுபடி வந்துடாதா டாக்டர்?' என்பது எல்லாப் பெற்றோரும் கேட்பது. ஃபீனோபார்பிட்டோன் விஷயத்தில் இதற்கு நல்ல பதில் உண்டு. பிறந்த குழந்தையின் உடம்பிலிருந்து இந்த மருந்து மிக மெதுவாகத்தான் வெளியேறும். முதல் வாரத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறையவே நூறு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். இன்றைக்கு டோஸை நிறுத்தினால் அடுத்த இரண்டு வாரம் போல அது தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரே மருந்தில் இருக்கும் பச்சிளம் குழந்தைக்குப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை என்று அந்த 2011 வழிகாட்டுதலே சொல்கிறது. இரண்டு மூன்று மருந்துகள் ஓடினால் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஃபீனோபார்பிட்டோனைக் கடைசியில் நிறுத்துவார்கள்.

இந்த வழியின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. 'ஃபிட்ஸ் நின்றுவிட்டது' என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்? 2008-இல் வந்த ஒரு ஆய்வில், இ.இ.ஜி.யில் பதிவான ஃபிட்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வெளியே ஏதாவது அசைவு தெரிந்தது. ஃபீனோபார்பிட்டோன் கொடுத்த பிறகு இந்த இடைவெளி இன்னும் கூடும்: உடம்பு அமைதியாகிவிடும், மூளைக்குள் மின்னோட்டம் நிற்காமல் இருக்கலாம். தொடர் இ.இ.ஜி. வசதியோ, தலையில் சில ஒயர்களை மட்டும் ஒட்டிப் பார்க்கும் சி.எஃப்.எம். மெஷினோ இருக்கும் இடத்தில் 'நின்றது' என்றால் நின்றது. வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னால் அதற்கு அந்த அளவு மதிப்புத்தான். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் இதைக் கேட்பதில் தப்பில்லை: 'இ.இ.ஜி. எடுத்தீங்களா டாக்டர்? எத்தனையாவது நாள் எடுத்தது?'

மாதக்கணக்கில் தொடர்வது

இப்படி எழுதும் டாக்டர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையின் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து நாலு மணி நேர பஸ் பயணம். மலைக்கிராமமாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி ஃபிட்ஸ் வந்தால் பக்கத்தில் இருப்பது ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும். மருந்தை நிறுத்தி அனுப்பி, வந்துவிட்டால், சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது 'ஏன் நிறுத்தினீங்க' என்றுதான். தொடர்ந்தும் வந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. இந்தக் கணக்கு டாக்டர் மனதில் ஓடாது என்று நினைக்க முடியுமா?

இன்னொரு நியாயமும் அவர்கள் பக்கம் உண்டு. பணக்கார நாட்டு ஆய்வு முடிவு நமக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளின் உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சை மேலை நாடுகளில் உயிரைக் காப்பாற்றியது. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் 408 குழந்தைகளிடம் செய்து பார்த்த ஹீலிக்ஸ் என்ற ஆய்வில் பலன் தெரியவில்லை. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், மற்றவர்களில் 31. அதுவும் 2021-இல் வந்ததுதான். 'அவங்க ஊர்ல நிறுத்துறாங்கன்னா நாமளும் நிறுத்தணுமா' என்று ஒரு டாக்டர் கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் எது வரை போகும் என்பதையும் பார்க்க வேண்டும். மருந்து உடம்பிலிருந்து இறங்கும் வேகமோ, பிற்கால வலிப்பைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை என்பதோ ஊருக்கு ஊர் மாற வாய்ப்பில்லை. மாறுவது, ஃபிட்ஸ் திரும்ப வந்தால் எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியும் என்பதுதான்.

தொடர்வதற்கு விலையும் உண்டு. ஃபீனோபார்பிட்டோன் தூக்க மருந்து வகை. குழந்தை மந்தமாக இருக்கும், பால் இழுத்துக் குடிக்காது, எடை ஏறாது. ஏற்கெனவே மூளை அடிபட்ட குழந்தைக்கு எடை ஏறாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. வளரும் எலிக்குட்டிகளின் மூளையில் இது செல்களைச் சாகடிப்பதை 2002-இல் காட்டினார்கள். எலி வேறு, மனிதக் குழந்தை வேறு, சரி. 1990-இல், காய்ச்சல் ஃபிட்ஸ் வந்த சின்னக் குழந்தைகளுக்கு இதை இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொடுத்தவர்களின் நுண்ணறிவு எண் 8 புள்ளிக்கும் மேல் குறைந்திருந்தது. அவர்கள் பச்சிளம் குழந்தைகள் இல்லை என்றாலும், லாபம் நிரூபிக்கப்படாத ஒரு மருந்தை மாதக்கணக்கில் ஊற்றும் முன் யோசிக்க வைக்கிற எண் அது.

பக்க விளைவுக்குப் பயந்து லெவெடிரசெட்டாமுக்கு மாற்றி எழுதுவது இப்போது அதிகம். அது மந்தம் குறைந்ததுதான், சில குழந்தைகள் சிணுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் ஃபிட்ஸை அடக்குவதில் பச்சிளம் குழந்தைகளிடம் அது பின்தங்கியது: 2020-இல் வந்த ஓர் ஒப்பீட்டில் 24 மணி நேரம் ஃபிட்ஸ் இல்லாமல் வைத்திருந்தது ஃபீனோபார்பிட்டோன் பெற்ற குழந்தைகளில் 80 சதவீதம், லெவெடிரசெட்டாம் பெற்றவர்களில் 28. வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் 'பத்திரமானது' என்று இதற்கு மாற்றித் தொடர்வதால் பிற்கால ஆபத்து குறைகிறது என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

வீட்டில் சிரப் ஊற்றுவது என்பதே தனிக் கதை. ஐந்து மில்லி லிட்டரில் 20 மில்லி கிராம் இருக்கும் ஃபீனோபார்பிட்டோன் சிரப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 4 மில்லி கிராம் என்றால் ஒரு நாளைக்கு 12 மில்லி கிராம், அதாவது 3 மில்லி லிட்டர். லெவெடிரசெட்டாம் சிரப்பில் ஒரு மில்லியிலேயே 100 மில்லி கிராம் இருக்கும். அதில் ஒரு வேளைக்கு 0.6 மில்லி போதும் என்று வரும். அந்த புள்ளி சரியாகத் தெரியாமல் 6 மில்லி ஊற்றினால் பத்து மடங்கு. மூடியில் அளக்கக் கூடாது, ஊசி இல்லாத சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும். பாலாடைப் பால் முழுவதிலும் மருந்தைக் கலந்தால், குழந்தை பாதியில் தூங்கிவிடும், பாதி மருந்து பாலாடையிலேயே நின்றுவிடும். இன்னொன்று, குழந்தை ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல இரு மடங்கு ஆகிவிடும். யாரும் டோஸைக் கூட்டி எழுதவில்லையென்றால் ஐந்தாம் மாதம் அந்தக் குழந்தை வாங்குவது பாதி டோஸ். 'மருந்துலதான் இருக்கு' என்று வீட்டில் தைரியமாக இருப்பார்கள்.

நடுவழி

நம் நாட்டு என்.ஐ.சி.யூக்கள் பலவற்றில் பழகிய முறை இது. மற்ற மருந்துகளை நிறுத்தி ஃபீனோபார்பிட்டோனை மட்டும் வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் நரம்புப் பரிசோதனை இயல்பாக இருந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள். இல்லையென்றால் ஒரு மாதம் கொடுத்துவிட்டு மறுபடி பரிசோதனை. அப்போது சரியாக இருந்தால் நிறுத்தம். இன்னும் குறை இருந்தால் இ.இ.ஜி. எடுத்து, அதில் வலிப்பு அலைகள் இல்லையென்றால் மெதுவாகக் குறைப்பது. இருந்தால் மூன்றாம் மாதம் மறுபடி பார்ப்பது.

காகிதத்தில் இது நல்ல முறை. தொடர் இ.இ.ஜி. இல்லாத ஊரில் கையில் இருக்கும் வசதியை வைத்து எடுக்கும் நிதானமான முடிவு. குறை, அந்த ஒரு மாதத் தேதியில் இருக்கிறது. தாய் பிறந்த வீட்டில் இருப்பாள், குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும், அப்பா லீவு கிடைக்காமல் அடுத்த வாரம் என்பார். போகும்போது வேறு டாக்டர் உட்கார்ந்திருப்பார், பழைய சீட்டைப் பார்த்துவிட்டு 'கன்டின்யூ' என்று எழுதுவார். ஒரு மாதம் ஒரு வருடமாகிவிடும். தொடங்கியவர் நிறுத்தும் தேதியையும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

சிரப்பால் தடுக்க முடியாதது

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் வலிப்பு நோய் வந்த குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வந்தது சாதாரண ஃபிட்ஸ் இல்லை. மருத்துவத்தில் இன்ஃபன்டைல் ஸ்பாஸம் என்பார்கள். வெஸ்ட் சின்ட்ரோம் என்ற பெயரும் காதில் விழும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள். தூங்கி எழுந்ததும் குழந்தை திடீரென்று தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முன்னால் வீசி, கும்பிடு போடுவதுபோல ஒரு வெட்டு வெட்டும். ஒரு நொடி, இரண்டு நொடி. நின்றுவிடும். சில நொடி கழித்து மறுபடி. இப்படி வரிசையாகப் பத்து, இருபது, ஐம்பது. சில குழந்தைகள் நடுவில் அழும். பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்பார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் குழந்தை சிரிப்பதைக் குறைக்கும், முகம் பார்ப்பதை நிறுத்தும்.

ஃபீனோபார்பிட்டோன் இதற்கு வேலை செய்யாது. இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் பயப்பட வேண்டிய வலிப்பு வகையை, ஒரு வருடம் விடாமல் ஊற்றிய சிரப் தடுக்காது, அடக்கவும் செய்யாது. இதற்கு மருந்து வேறு: ஏ.சி.டி.ஹெச். ஊசி, இல்லையென்றால் அதிக டோஸில் ப்ரெட்னிசலோன், அல்லது விகாபாட்ரின். ஆரம்பித்து எத்தனை வாரத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்பது பிற்கால அறிவு வளர்ச்சியைப் பாதிக்கிறது. 'மருந்து ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று வீட்டில் காத்திருப்பது இங்கே நேரடி நஷ்டம்.

பார்த்ததும் செய்ய வேண்டியது, போனில் வீடியோ எடுப்பது. வார்த்தையில் சொல்லிப் புரிய வைக்க முடியாததை இருபது நொடி வீடியோ புரிய வைத்துவிடும். குழந்தையின் முகமும் இரு கைகளும் படத்தில் தெரிய வேண்டும், போர்வையை விலக்கிவிட வேண்டும். எல்லாத் துடிப்பும் ஃபிட்ஸ் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தூக்கத்தில் மட்டும் கை கால் துள்ளி, எழுப்பியதும் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் சாதாரணத் துள்ளல். நடுங்கும் கையை மெல்லப் பிடித்ததும் நடுக்கம் நின்றால் அதுவும் ஃபிட்ஸாக இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ஏற்கெனவே ஒருமுறை ஃபிட்ஸ் வந்த குழந்தை என்றால் இந்தத் தீர்ப்பையும் டாக்டரே சொல்லட்டும்.

யாருக்கு எது

பிறந்ததும் அழாமல் இருந்து, இரண்டாம் நாள் ஃபிட்ஸ் வந்து, நான்காம் நாளோடு நின்று, பத்தாம் நாள் தாய்ப்பாலை நன்றாக இழுத்துக் குடிக்கும் குழந்தைக்கு மருந்தோடு அனுப்ப எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. கால்சியம், சர்க்கரை சரிசெய்யப்பட்ட குழந்தைக்கும் அப்படியே; சர்க்கரை ரொம்ப நேரம் தாழ்ந்திருந்த குழந்தைக்கு மட்டும் பார்வைப் பரிசோதனையும் நீண்ட கவனிப்பும் கூடுதலாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. மோசம், உடம்பு துவண்டிருக்கிறது, ஆனால் இ.இ.ஜி.யில் ஃபிட்ஸ் நின்றது உறுதி என்றால்? 2023 வழிகாட்டுதல் இங்கேயும் நிறுத்தத்தான் சொல்கிறது. ஊர் தூரம், இ.இ.ஜி. ஒருமுறைகூட எடுக்கவில்லை என்றால், ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கும் நடுவழியை நான் குறை சொல்ல மாட்டேன், நிறுத்தும் தேதி சீட்டில் இருக்கும் வரை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முதல் நாளே எழுதுவதற்கு மரபணு வகை வலிப்பு என்ற சந்தேகமாவது இருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் எழுதியிருந்தால், இன்னொரு குழந்தை நரம்பியல் நிபுணரிடம் சீட்டைக் காட்டிக் கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது.

நிறுத்திய குழந்தைக்கு மறுபடி ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். பெரிய குழந்தைகளுக்குச் சொல்லும் 'ஐந்து நிமிடம் பார்' கணக்கு மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பொருந்தாது. உடனே 108. சளி பிடித்தால் நெஞ்சில் கற்பூரம் கலந்த எண்ணெய் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். கற்பூரமே கைக்குழந்தைகளுக்கு ஃபிட்ஸை வரவழைக்கும் பொருள். தடுப்பூசியைப் பொறுத்தவரை, ஃபிட்ஸ் நின்று குழந்தை நிலையாக இருந்தால் அட்டவணைப்படி போடலாம். ஆறாவது வார ஊசிக்குப் போகும்போது பிறந்தபோது நடந்ததை நர்ஸிடம் சொல்லிவிட்டால் போதும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: ஃபிட்ஸுக்கான காரணம் என்ன என்பது பெயரோடு, இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகளின் நகல், மருந்து இருந்தால் மில்லி கிராமிலும் மில்லி லிட்டரிலும் டோஸ், நிறுத்தும் தேதி, வளர்ச்சிப் பரிசோதனைக்கான தேதிகள். அரசுப் பிரிவில் இதற்கு டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, காசு கேட்க மாட்டார்கள், பிசியோதெரபியும் அங்கேயே நடக்கும். கடைசியாக ஒன்று: நாலு மாதத்தில் அந்தக் கும்பிடு வெட்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் இ.இ.ஜி. எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும்? 'அடுத்த மாசம் ஓ.பி.க்கு வாங்க' என்று பதில் வந்தால், ஒரு வாரத்துக்குள் எடுத்துத் தரும் வேறு இடம் எது என்று அந்த மேசையிலேயே கேட்டு, போன் நம்பரோடு சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.